சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

நஸ்ரியாவின் மாமனார் ஜெகபர் அலிக்கு எழுபத்து மூன்று வயது. அந்த வயதிலும் விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். பழவேற்காடு ஏரியில் பிடித்து வரும் நண்டுகளை வாங்கி, கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, பெரிசு சிறிசு பிரித்துச் சென்னைக்கு அனுப்புவது அவர் வியாபாரம். கூட்டாளி மாணிக்கம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் கனமான கூடையைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஜெகபர் அலிதான் முதலில் குனிவார். கண்ணாடி வாங்கப் போனதைத் தவிர அவர் டாக்டர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த மனிதரைத்தான் நஸ்ரியா ஐந்து வாரம் வீட்டுக்குள் வைத்திருந்தாள்.

அது ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது. நாலு பேராக ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணியும் தாளிச்சாவும் பிரட் அல்வாவும் சாப்பிட்டு எழுந்த நேரம். கத்தாரில் நஸ்ரியாவின் கணவன் சுஹைலோடு வேலை பார்க்கும் ஆதில் லீவில் வந்திருந்தான். சர்க்கரை பார்க்கும் புது மெஷின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளையாட்டுப் போல விரலில் குத்திப் பார்த்தான். ஜெகபர் அலியின் முறை வந்தபோது மெஷின் நூற்று எண்பத்து இரண்டு என்றது. அவர் சிரித்துக்கொண்டே விரலை வேட்டியில் துடைத்துவிட்டுப் போய்விட்டார். ஆதில் அந்த எண்ணைப் படம் பிடித்து சுஹைலுக்கு அனுப்பினான்.

அன்று சாயங்காலமே சுஹைல் நஸ்ரியாவைக் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இனி தினமும் இரண்டு தடவை பார்க்க வேண்டும், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, பார்த்ததும் படம் அனுப்ப வேண்டும் என்றான். மெஷினை ஆதில் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. அவன் போனில் படித்திருக்கிறான்.

நஸ்ரியாவால் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்று சொல்ல முடியவில்லை. சர்க்கரை என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியும். மாமியார் கைருன் பீவிக்குக் கால் விரலில் ஒரு கிளிஞ்சல் கிழித்த காயம்தான் முதலில். அப்புறம் விரல் போனது, பாதம் போனது, முழங்காலுக்குக் கீழே எல்லாமே போனது. பதினோரு மாதம் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவள் நஸ்ரியா. கொரோனா காலத்தில் மாமி மௌத்தானபோது விமானம் இல்லாமல் சுஹைலால் வர முடியவில்லை. தாயை அடக்கம் செய்ததை அவன் போனில்தான் பார்த்தான். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நஸ்ரியாதான். அன்று அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவன் முகம் இருந்த இருப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதனால் அவள் தினமும் மாமனார் முன்னால் மெஷினோடு போய் நின்றாள். அவரும் கையை நீட்டினார். நண்டுக் கொடுக்கும் கயிறும் பட்டுக் காய்ந்த விரல். ஊசி சுலபத்தில் இறங்காது. இரண்டு தடவை, மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் நூற்று நான்கு, சாப்பிட்ட பிறகு நூற்று ஐம்பத்தாறு. மறுநாள் நூற்று ஆறு, நூற்று அறுபத்து மூன்று. பெரிதாக ஏறவும் இல்லை, நூற்று நாற்பதுக்குள் வரவும் இல்லை.

இரண்டாவது வாரம், உம்மாவுடைய பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுக்கச் சொன்னான் சுஹைல். பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று நஸ்ரியா கேட்டாள். போனால் அவரும் இதே மாத்திரையைத்தான் எழுதுவார், அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம், அதுவரை சும்மா விட முடியாது என்றான். கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் சீட்டின் தேதியைப் பார்க்காமலே கொடுத்தார்கள். மாமியைத் தின்ற நோயின் மாத்திரையை, அதே வெள்ளை உறையிலிருந்து பிரித்து மாமாவின் உள்ளங்கையில் வைக்கும்போது நஸ்ரியாவுக்குக் கை கூசியது.

காலையில் ஒன்று கொடுத்தாள். எண் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கரைக்குப் போன இடத்தில் ஜெகபர் அலி சீனி போட்ட டீயும் பன்னும் சாப்பிட்டதை யாரோ பார்த்துவிட்டு சுஹைலுக்குச் செய்தி சொன்னார்கள். உடனே இரவு உணவுக்கு முன்னால் இன்னொரு மாத்திரை சேர்ந்தது. இரண்டு மாதத்துக்குக் கரைக்கே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டான். கரையில் மணிக்கு ஒரு டீ, மணிக்கு ஒரு வடை. சைக்கிள் சாவியை வாங்கி வை என்றான். நீ வெளியே போகும்போது கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு போ என்றான்.

"நான் எப்டிங்க மாமாவ வச்சிப் பூட்டுறது?" என்று கேட்டாள் நஸ்ரியா.

"உம்மாவ விட்ட மாதிரி விடச் சொல்றியா?" என்றான் அவன்.

நஸ்ரியா போனை வைத்தாள். சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெல்லம், பேரீச்சம்பழம், மகள் ரிஃபாவின் பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அதற்குள் போயின. அலமாரிச் சாவியும் கேட் சாவியும் சைக்கிள் சாவியும் ஒரே வளையத்தில் அவள் இடுப்பில் தொங்கின. நடக்கும்போதெல்லாம் அவை சத்தம் போட்டன. அந்தச் சத்தம் கேட்டாலே மாமா கூடத்தில் நிமிர்ந்து உட்கார்வது போல அவளுக்குத் தோன்றும்.

அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. காலையில் மாணிக்கத்துக்குப் போன் செய்து நண்டு விலை கேட்பார். அப்புறம் நாற்காலியைக் கிரில் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள் சலாம் சொல்வார்கள். அவரும் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவார். முதல் வாரம் ஏன் கரைக்கு வரவில்லை என்று நின்று கேட்டவர்கள் அடுத்த வாரம் கேட்கவில்லை. அவர் அங்கே இருப்பது தெருவுக்குப் பழகிவிட்டது.

நஸ்ரியாவின் நாளும் அந்த மெஷினைச் சுற்றியே ஓடியது. அவர் சோற்றில் கை வைத்ததும் கடிகாரத்தைப் பார்ப்பாள். காட்டூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்க முடியவில்லை. தங்கையின் குழந்தைக்குப் பெயர் வைத்தபோதுகூட ஓடிப் போய் ஓடி வந்தாள். எண் அதிகமாக இருந்தால் சுஹைல் அரை மணி நேரம் விசாரிப்பான். எவ்வளவு சோறு, என்ன குழம்பு, யார் வந்தார்கள், நீ எங்கே போயிருந்தாய். எண் குறைவாக இருந்தால் ஒரு இதயப் படம் வரும். அன்று மட்டும் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

எண் குறையத் தொடங்கியது. நூற்றுப் பத்து, தொண்ணூற்று இரண்டு, எண்பத்து ஒன்று. குறையக் குறைய நல்லது என்றுதான் அவள் நினைத்தாள். சர்க்கரை என்றால் ஏறும் நோய் என்பதுதான் அந்த வீட்டுக்குத் தெரியும். கீழே ஒரு தரை உண்டு, அதற்கும் கீழே போனால் ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மாமா சாப்பிட்ட தட்டைத் தூக்கும்போது அவர் கை லேசாக நடுங்கியதை இரண்டு மூன்று தடவை பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம் மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனைந்திருந்தது. "கொஞ்சம் சீனி போட்டு டீ குடும்மா, ஒரு மாதிரியா இருக்குது" என்று கேட்டார். அவள் சீனி போடாத டீயைக் கொடுத்துவிட்டு, ஆசைப்பட்டுக் கேட்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மெஷின் ஐம்பத்தெட்டு என்றது. இதுவரை வந்ததிலேயே குறைந்த எண். நஸ்ரியா படம் அனுப்பினாள். மாஷா அல்லாஹ், இப்பதான் கட்டுக்குள்ள வந்திருக்குது என்று சுஹைல் எழுதியிருந்தான். அவள் மாத்திரையைக் கொடுத்து இரண்டு இட்லி வைத்தாள். மாமா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, பசிக்கவில்லை என்று தட்டை நகர்த்தினார். குறைவாகச் சாப்பிட்டால் எண் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவளும் வற்புறுத்தவில்லை. ரிஃபா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நஸ்ரியா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

ரேஷன் கடையில் ரேகை வைக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று நிறுத்தி வைத்தார்கள். வரிசையை விட்டால் மறுபடி நாளை வர வேண்டும், நாளையும் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று நினைத்து நின்றாள். அரிசிப் பையோடு அவள் தன் தெருவுக்குள் திரும்பும்போது பதினொன்றரை. கூடையில் இறால் விற்றுக்கொண்டு வரும் ரங்கம்மாள் அவளோடு பேசியபடி கூடவே வந்தாள்.

முதலில் கையைத்தான் பார்த்தாள். கிரில் கம்பிக்கு வெளியே முழங்கை வரை நீட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா உள்ளே தரையில் சாய்ந்து கிடந்தார். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வேட்டியும் பனியனும் குளத்தில் முங்கி எழுந்தது போல நனைந்திருந்தன. நஸ்ரியா வளையத்தில் சாவியைத் தேடினாள். முதலில் அலமாரிச் சாவியை நுழைத்தாள், அப்புறம் சைக்கிள் சாவியை. ரங்கம்மாள் அவள் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கிப் பூட்டைத் திறந்தாள்.

"மாமா, மாமா" என்று நஸ்ரியா உலுக்கினாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. "கைருன்" என்றார். "கதவத் தெற, கைருன்."

மாமிக்கும் கடைசி நாட்களில் இப்படித்தான் நினைவு தப்பும். அப்போது மெஷினில் எண் ஐந்நூறைத் தாண்டியிருக்கும். சர்க்கரை ஏறிவிட்டது, நான் இல்லாத நேரத்தில் எதையோ எடுத்துச் சாப்பிட்டுவிட்டார், இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றுதான் நஸ்ரியாவின் புத்தி ஓடியது. மாத்திரை உறையை எடுத்துக் கிழித்தும் விட்டாள்.

ரங்கம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "யம்மா, ஒடம்பு ஜில்லுனு கீது. எங்க அண்ணனுக்கு ஒருவாட்டி ஊசி போட்டுக்கினு சாப்டாம கெடந்து இப்டிதான் ஆச்சு. இது ஏறல. எறங்கிக்கீது. சக்கர எடுத்தா."

"சக்கரையா? அவருக்குக் குடுக்கக் கூடாது."

"மிசின வச்சிப் பாரு அப்ப."

குத்தியபோது மாமா விரலை இழுக்கவில்லை. மெஷின் முப்பத்தாறு என்றது. நஸ்ரியா அந்த எண்ணையே பார்த்தாள். இத்தனை நாளாக எது குறைய வேண்டும் என்று அவள் துஆ செய்தாளோ அதுதான் குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் மனிதரே இருக்க மாட்டார்.

அலமாரியைத் திறந்து சீனி டப்பாவை எடுத்து வந்தாள். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. ரங்கம்மாள் அவரை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நஸ்ரியா ஈர விரலில் சீனியைத் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். விழுங்க ஆரம்பித்ததும் சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்து, "நஸ்ரியா" என்று சரியான பெயரைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ரங்கம்மாள் இறால் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த மாத்திரை உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும், வயதானவர்களுக்கு இன்னும் நேரமாகும், அதனால் மறுபடி இறங்கலாம், இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர் ஜெனிஃபர். முப்பது வயதுதான் இருக்கும். எந்த டாக்டர் எழுதியது என்று கேட்டார். நஸ்ரியா மாமியாரின் சீட்டை நீட்டினாள். அந்தப் பெயரையும் தேதியையும் படித்துவிட்டு டாக்டர் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். மாத்திரைக்கு முன்னால் எண் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். நஸ்ரியா கல்யாண வீட்டில் பார்த்ததைச் சொல்லிப் போனைக் கொடுத்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது சக்கரை வியாதி இல்லம்மா" என்றார். "இவருக்கு வயசாயிருக்கு. அவ்வளவுதான்."

பிறகு பொறுமையாக விளக்கினார். இருபது வயதில் சோறு உள்ளே போன நிமிடமே கணையம் இன்சுலினை ஒரே வீச்சில் விடும். எழுபதில் அதே கணையம் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக விடும். நோய் நொடி இல்லாதவருக்கும் அப்படித்தான். சதை குறைவதால் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடமும் குறையும். அதனால் சாப்பிட்ட பிறகு எண் சற்று மேலே போய் மெதுவாக இறங்கும். கவனிக்க வேண்டியதுதான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். கல்யாணப் பந்தியில் இருந்து எழுந்தவருக்கு நூற்று எண்பது வந்ததை வைத்து நோயாளி ஆக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து வந்தால் மூன்று மாதச் சராசரி பார்த்து உறுதியாகச் சொல்வதாகவும் சொன்னார்.

"இவரு இன்னா வேலை பாத்தாரு?"

நண்டு வியாபாரம், கூடை தூக்குவது, சைக்கிள் என்று நஸ்ரியா சொன்னாள். இப்போது ஐந்து வாரமாக வீட்டில் என்றாள். பூட்டியதைச் சொல்லவில்லை.

"அந்த வேலைதான் இவ்வளவு நாள் இவரக் காப்பாத்திச்சு. அத நிறுத்திட்டு மாத்திரை குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் நஸ்ரியாவுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் போன பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுக்கம் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று மாமாவைக் கேட்டாள்.

"சொன்னா நீ அவனுக்குச் சொல்லணும். அவன் இன்னொரு மாத்திரை குடுக்கச் சொல்லுவான்" என்றார். கொஞ்சம் விட்டு, "நம்பர் கொறஞ்ச அன்னிக்குதாம்மா உன் மூஞ்சில சிரிப்பு இருந்துச்சு. அதுக்குதான் கைய நீட்டினேன்" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக இன்னொன்றும் சொன்னார். பத்து மணிக்கே தலை சுற்றியிருக்கிறது. கம்பிக்கு வெளியே கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டிருக்கிறார். குரல் எழும்பவில்லை. இரண்டு பேர் அவரைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நஸ்ரியா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். போனில் சுஹைலின் பதினாலு அழைப்புகள் இருந்தன. மத்தியான எண் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் திரும்பக் கூப்பிட்டதும் எவ்வளவு என்றுதான் கேட்டான்.

நடந்ததைச் சொன்னாள். சீனி கொடுத்ததைச் சொல்லும்போது இடையில் புகுந்து, "யாரக் கேட்டுக் குடுத்த?" என்றான்.

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அவனை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "நம்ம ரெண்டு பேரும் சேந்து அவர மௌத்தாக்கப் பாத்தோம். நான்தான் பூட்டினேன். பூட்டச் சொன்னது நீங்க. இனிமே நம்பர் அனுப்ப மாட்டேன். பாக்கணும்னா டிக்கெட் போட்டு வந்து உங்க வாப்பா மூஞ்சியப் பாருங்க."

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. உம்மாவுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் எண்ணைப் பார்க்கத்தான் முடியும் என்றான். நஸ்ரியாவுக்கு மனது இளகியது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கவில்லை. ஒன்பது நாள் அவன் பேசவில்லை. ஆதில் வீட்டாரிடம் விசாரித்துக்கொள்வதாக மட்டும் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. சராசரி ஐந்து புள்ளி ஒன்பது சதவீதம், ஆறரையைத் தொட்டால்தான் நோய். எல்லைக் கோட்டில் நிற்கிறது, வயதுக்கு இது பரவாயில்லை, வேலையை மட்டும் விடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். ஜெகபர் அலி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கரைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஆனால் பழைய ஜெகபர் அலியாக அவர் போகவில்லை. கூடையைத் தூக்க இப்போது மாணிக்கத்தைக் கூப்பிடுகிறார். டீக்கடையில் சீனி போடவா என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகிறது. வீட்டில் பாயசம் வைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நஸ்ரியாவின் முகத்தைப் பார்க்கிறார். அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவளுக்கும் அந்தப் பயம் விட்டபாடில்லை. மெஷினை ஆதில் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் அவர் சாப்பிட்டு எழுந்தால் நேரத்தைக் கணக்குப் போடுகிறாள். பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றுக்கும் வராவிட்டால் தெருவை எட்டிப் பார்க்கிறாள். கரைக்கு ஓடிப் போய்ப் பார்க்கலாமா என்று கிளம்புவாள், வாசல் வரை வந்து நின்றுவிடுவாள். ஒரு நாள் அப்படி நின்றிருந்தபோது சுஹைலிடமிருந்து செய்தி வந்தது. டிசம்பரில் லீவு கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, வாப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தான்.

கரைக்குப் போயிருக்கிறார் என்று எழுதினாள்.

எப்போது வருவார் என்று கேட்டான்.

தெரியாது என்று எழுதிவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனாள்.